பம்பு வரிசையில் நுழைந்த கையுறை

சென்ற வெள்ளிக்கிழமை மாலை எங்கள் கொள்முதல் மென்பொருளின் செலவு அறிக்கையைத் திறந்தபோது, ‘வகைப்படுத்தப்படாதவை’ என்ற வரியில் 41 பொருட்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன. ஐந்து மாதங்களுக்கு முன்பு அதே வரியில் 11,642 பொருட்கள் இருந்தன. இடையில் நடந்தவற்றை, குறிப்பாக நான் சறுக்கிய இடங்களை, மறப்பதற்கு முன் எழுதி வைக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது கோவையில் பம்பு தயாரிக்கும் ஓர் ஆலையின் கொள்முதல் பிரிவில். எங்கள் நிர்வாகத்தின் கீழ் உலோக வார்ப்பு செய்யும் ஒரு பவுண்டரியும் உதிரிபாகம் விற்கும் ஒரு கிளையும் உண்டு. மூன்று இடங்களிலும் மூன்று விதமான பொருள் குறியீடுகள் புழங்கின. ஆலையில் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு. பவுண்டரியில் 0001 என்று தொடங்கும் வெறும் வரிசை எண். கிளையிலோ சப்ளையர் கொடுத்த பார்ட் நம்பரே குறியீடு. உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மி.மீ. உள்ள 6205 பேரிங் மூன்று பெயர்களில் மூன்று கணக்குகளில் இருந்தது. அந்தப் பேரிங்கில் ரப்பர் சீல் வைத்த ஒரே வகையை ஒரே மாதத்தில் 212, 238, 265 ரூபாய் என மூன்று விலைகளுக்கு வாங்கியிருக்கிறோம். புதிய மென்பொருள் வந்த பிறகு, ஒப்புதல் விதிகளும் சப்ளையர் பட்டியல்களும் செலவு அறிக்கைகளும் ஒரே பொதுக் குறியீட்டின் மேல்தான் இயங்கும் என்றார்கள். அந்தப் பொதுக் குறியீடு யு.என்.எஸ்.பி.எஸ்.சி.; ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் நிறுவனமும் சேர்ந்து 1998இல் உருவாக்கியது. எங்கள் அலுவலகத்தில் அதன் பெயர் ‘ஐ.நா. குறியீடு’ என்று சுருங்கிவிட்டது; இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

அமைப்பு எளிமையானது. எட்டு இலக்கங்கள், இரண்டிரண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும். 31 என்ற பிரிவு என்றால் உற்பத்திக்கான உறுப்புகள். 3117 என்ற குடும்பம் என்றால் அதற்குள் பேரிங், புஷ், சக்கரம், கியர் ஆகியவை. 311715 என்ற வகுப்பு என்றால் பேரிங்குகள். 31171504 என்றால் பால் பேரிங். கடைசி இரண்டு இலக்கங்களும் பூஜ்யமாக இருந்தால் குறிப்பிட்ட பொருள் வரை இறங்காமல் வகுப்போடு நின்றுவிட்டோம் என்று பொருள். இதைத் தாண்டித் தெரிந்துகொள்ள வேண்டிய கோட்பாடு பெரிதாக ஒன்றுமில்லை. கஷ்டமெல்லாம் எங்கள் பக்கத்துப் பட்டியலில்தான் இருந்தது.

வெளியிலிருந்து ஒரு நிறுவனம் பொருளுக்கு 35 ரூபாய் வீதம் வகைப்படுத்தித் தருவதாகச் சொன்னது. 11,642 பொருட்களுக்கு நான்கு லட்சத்து ஏழாயிரத்துச் சொச்சம் வந்தது. நாமே செய்யலாம் என்று நான்தான் கையைத் தூக்கினேன்.

முதலில் குறியீடு போடத் தொடங்காமல் பட்டியலைக் கழித்தேன். இந்த ஒரு முடிவை மட்டும் இன்றும் சரியென்று சொல்வேன். மூன்று ஆண்டுகளாக வரவும் இல்லாமல் செலவும் இல்லாமல் கிடந்தவற்றை ஒதுக்கியதில் 6,318 மிஞ்சின. அடுத்து, ஒரே பொருள் பல பெயர்களில் இருப்பதைக் கண்டுபிடிக்க ஓப்பன்ரிஃபைன் என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்தினேன். அதில் ‘ஃபிங்கர்பிரின்ட்’ என்று ஒரு முறை உண்டு. பெரிய எழுத்துகளைச் சிறியவையாக்கி, நிறுத்தக் குறிகளை நீக்கி, சொற்களை அகர வரிசையில் அடுக்கி, பிறகு ஒப்பிடும். ‘வால்வு, பால், ஜி.எம்.’ என்பதும் ‘ஜி.எம். பால் வால்வு’ என்பதும் ஒன்றாகச் சேர்ந்ததைப் பார்த்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. அந்த மகிழ்ச்சியிலேயே ‘அனைத்தையும் ஒன்றாக்கு’ பொத்தானை அழுத்தினேன்.

நிறுத்தக் குறிகளை நீக்கும் கருவி தசமப் புள்ளியையும் நீக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. 2.5 சதுர மி.மீ. ஒயரும் 25 சதுர மி.மீ. கேபிளும் ஒரே பொருளாகிவிட்டன. 1/2 அங்குல பிட்டிங் 12 அங்குலமாகிப் பெரிய குழாய்களோடு போய்ச் சேர்ந்தது. நல்ல வேளையாக அந்தக் கருவி ஒவ்வொரு மாற்றத்தையும் நினைவில் வைத்துப் பின்னோக்கிப் போக விடும். திரும்பிப் போய், அளவை மட்டும் தனி நெடுவரிசையாகப் பிரித்தெடுத்துவிட்டு, பெயரை மட்டும் ஒப்பிட்டேன். பெயரும் அளவும் இரண்டும் பொருந்தினால் மட்டுமே ஒன்றாக்கினேன். 742 இரட்டைப் பதிவுகள் கழிந்து 5,576 மிஞ்சின.

அளவுகளைப் பிரித்தபோது இன்னொரு பழைய நோயும் தெரியவந்தது. பவுண்டரியிலிருந்து வந்த கோப்பை யாரோ எக்செலில் திறந்து சேமித்திருந்தார்கள். அளவுக் கட்டத்தில் 1/2 என்று இருந்ததெல்லாம் பிப்ரவரி 1ஆம் தேதியாகவும் 3/4 என்பது ஏப்ரல் 3ஆம் தேதியாகவும் மாறியிருந்தன. பவுண்டரியின் 0045 என்ற குறியீடு 45 ஆகியிருந்தது. கேன்டீன் கணக்கில் இருந்த தேயிலைத் தூளின் எச்.எஸ்.என். எண்ணான (வரிக்காகப் பொருட்களை வகைப்படுத்தும் எண்) 0902, வெறும் 902 ஆகிவிட்டது. கோப்பைத் திறக்கும்போதே எல்லா நெடுவரிசைகளையும் ‘உரை’ என்று அறிவித்துவிட வேண்டும். பிறகு திருத்தலாம் என்று விட்டால், மூலத்தில் எது இருந்தது என்பதற்கு ஆதாரமே இருக்காது. நான் பழைய பர்ச்சேஸ் ஆர்டர்களின் அச்சுப் பிரதிகளைப் புரட்டித்தான் சரிசெய்தேன்.

இனி வகைப்படுத்தும் கட்டம். எனக்குத் தோன்றிய முதல் குறுக்கு வழி எச்.எஸ்.என். எண். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து சப்ளையர் இன்வாய்ஸ்களில் அந்த எண் இருக்கிறது, எச்.எஸ்.என். எண்ணுக்கு எதிரே ஐ.நா. குறியீட்டை எழுதி ஓர் அட்டவணை செய்துவிட்டால், எக்செலில் தேடி எடுத்துத் தரும் ஒரே வி-லுக்கப்பில் வேலை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு நாட்கள் உட்கார்ந்து 300 வரிகள் கொண்ட அட்டவணையும் செய்தேன். அதைத் தூக்கிப் போட வைத்தது கையுறை.

வரிக்காக உருவான எச்.எஸ்.என்., பல இடங்களில் பொருள் எதனால் செய்யப்பட்டது என்று கேட்கிறது. ரப்பர் கையுறை 4015, தோல் கையுறை 4203, பின்னல் கையுறை 6116. வாங்குபவனுக்கு இவை எல்லாம் தொழிலாளியின் கையைக் காக்கும் ஒரே சாமான், ஐ.நா. குறியீட்டில் 46181504 என்ற ஒரே இடத்தில் அமர்கின்றன. எதிர்த் திசையில் பார்த்தால், இரும்பு போல்ட், நட், ஸ்குரூ, வாஷர் எல்லாம் எச்.எஸ்.என். 7318 என்ற ஒரே தலைப்பில் அடங்கிவிட, ஐ.நா. குறியீடு ஸ்குரூவுக்கு 311615, போல்ட்டுக்கு 311616, நட்டுக்கு 311617, வாஷருக்கு 311618 என நான்கு வகுப்புகளை வைத்திருக்கிறது. ஆறு இலக்கம் வரை எச்.எஸ்.என். கிடைத்தால் ஓரளவு பிரிக்கலாம். ஆனால் ஆண்டு விற்பனை 5 கோடிக்கு உட்பட்ட சப்ளையர்கள் நான்கு இலக்கம் போட்டாலே போதும் என்பதால், எங்கள் சிறு சப்ளையர்களின் இன்வாய்ஸ்களில் பெரும்பாலும் அதுதான் இருந்தது. அட்டவணையை முழுதும் அழிக்கவில்லை. பின்னால் சரிபார்க்கும் குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டேன். அந்த அட்டவணைதான் பிறகு என் காலை வாரியது, அதற்கு வருகிறேன்.

இரண்டாவது குறுக்கு வழி, பைத்தானில் ரேபிட்ஃபஸ் நூலகத்தை வைத்து எங்கள் விவரிப்பையும் ஐ.நா. தலைப்பையும் எழுத்து ஒற்றுமையால் பொருத்துவது. நிரல் எழுத அரை நாள், ஓட ஆறு நிமிடம். முடிவைப் பார்த்தபோது அறுகோண நட்டுகள் சில, முந்திரி பாதாமோடு 50ஆம் பிரிவான உணவுப் பொருட்களில் இருந்தன. குழாயில் மாட்டும் டீ, ஒரே ஓர் ஆங்கில எழுத்து வித்தியாசத்தில் தேயிலையாகிவிட்டது. நிப்பிள் போன இடத்தை இங்கே எழுத விரும்பவில்லை. சீல் என்ற சொல் ஆயில் சீலையும் லாரிக் கதவில் மாட்டும் பூட்டு முத்திரையையும் அலுவலக ரப்பர் ஸ்டாம்பையும் ஒன்றாக இழுத்து வந்தது. 200 பொருட்களை எடுத்துச் சோதித்ததில் 83தான் சரி.

மூன்றாவதாகச் செய்ததுதான் நின்றது, அதில் தொழில்நுட்பம் குறைவு. ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரை நாளுக்கு 1,000 ரூபாய் சம்பளத்தில் 12 நாட்கள் வரவழைத்தேன். அவருக்குக் கணினி பழக்கமில்லை. ஆனால் ஒரு விவரிப்பை வாசித்தவுடன், எந்த ரேக்கில் எந்தத் தட்டில் இருக்கும், எந்த மெஷினில் மாட்டுவார்கள் என்று சொல்லிவிடுவார். நான் விவரிப்புகளைப் படிப்பேன், அவர் பொருளின் பெயர்ச்சொல்லை முதலிலும் அதன் அடைமொழியைப் பிறகும் சொல்வார்: பேரிங் – பால்; பெல்ட் – வி; பெல்ட் – பாதுகாப்பு; சீல் – மெக்கானிக்கல். இப்படி 480 பெயர்-அடைமொழி இணைகள் கிடைத்தன. ஒவ்வோர் இணைக்கும் ஒரே ஐ.நா. குறியீடு என்று விதி எழுதினோம். அதாவது 5,576 பொருட்களை வகைப்படுத்தும் வேலை, 480 இணைகளை வகைப்படுத்தும் வேலையாகச் சுருங்கியது. விதிகளால் நேரடியாக 3,410 பொருட்கள் முடிந்தன. விதி இரண்டு மூன்று இடங்களைப் பரிந்துரைத்து மனிதர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவை 1,540. கையாலேயே தேட வேண்டியிருந்தவை 626. கடைசி வகைக்குப் பொருளுக்குச் சராசரியாக மூன்று நிமிடம் வீதம் 31 மணி நேரம் ஆயிற்று.

இடையில் செய்த ஒரு சோதனை எங்கள் தலைக்கனத்தைக் குறைத்தது. 200 பொருட்களை நானும் சக ஊழியர் ஒருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வகைப்படுத்தினோம். வகுப்பு அளவில் 171இல் ஒத்துப்போனோம். எட்டு இலக்கம் வரை 138இல்தான். தவறு இருவரிடமும் இல்லை, விதியில் இருந்தது. மெக்கானிக்கல் சீலை அவர் பம்பு உறுப்பு என்று 401517இல் வைத்தார். நான் பேக்கிங், கிளாண்டு வகைகள் இருக்கும் 3118இல் வைத்தேன். இருவரிடமும் நியாயம் இருந்தது. கடைசியில் ஸ்டோர் கீப்பர் பெரியவர் சொன்ன வழியையே எழுதி வைத்தோம்: கடைக்குப் போய்ப் பம்பு என்ற பேச்சையே எடுக்காமல் பெயரும் அளவும் மட்டும் சொல்லி வாங்க முடியுமானால், அது தன் பெயருக்குரிய வகுப்பில்தான் இருக்கும், எந்த மாடல் பம்புக்கு என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பாரானால், அது பம்பு உறுப்பு. பேரிங்கும் சீலும் முதல் வகையில் விழுந்தன, இம்பெல்லர் இரண்டாவதில். இதுபோல 14 வழிமுறைகளை இரண்டு பக்கத்தில் எழுதி, வேறு 200 பொருட்களில் மறுபடி சோதித்தபோது வகுப்பில் 189, எட்டு இலக்கத்தில் 168 என ஒத்துப்போனோம். அதற்கு மேல் இழுக்க முயலவில்லை. செலவில் 81 விழுக்காட்டைச் சுமக்கும் முதல் 900 பொருட்களுக்கு மட்டும் எட்டு இலக்கம் கட்டாயம் என்றும், மற்றவற்றுக்கு ஐயம் வந்தால் வகுப்போடு நிற்கலாம் என்றும் முடிவு செய்தோம். எச்.எஸ்.என். பட்டியலில் பெரும்பாலான தலைப்புகளின் கீழ் ‘மற்றவை’ என்று ஒரு வரி கிடைக்கும். அந்தப் பழக்கத்தில் இங்கும் அப்படியொரு வரியைத் தேடிக்கொண்டிருந்தால் நாள் போய்விடும். மேலே உள்ள வகுப்புக்கு ஏறிவிடுவதே வழி.

இப்போது அந்த விபத்து. எல்லாவற்றையும் ஒரு வியாழக்கிழமை இரவு மென்பொருளில் ஏற்றினேன். ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. வெள்ளி, சனி இரண்டு நாட்களும் பர்ச்சேஸ் ஆர்டர்கள் சாதாரணமாகப் போயின. திங்கட்கிழமை காலை, பம்பு வாங்கிய செலவு என்ற வரியைப் பெருமையோடு பெரியவரிடம் காட்டினேன். நாங்களே பம்பு தயாரிப்பவர்கள் என்றாலும் வணிகத்துக்காகச் சில மாடல்களை வெளியில் வாங்குவதுண்டு என்பதால், அந்தத் தொகையில் எனக்குச் சந்தேகம் எழவில்லை. அவர் தொகையைப் பார்க்கவில்லை. அளவு நெடுவரிசையைப் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, பம்பை யாராச்சும் ஜோடிக் கணக்குல வாங்குவாங்களா?”

4,800 ஜோடி பம்புகள். திறந்து பார்த்தால் ரப்பர் கையுறைகள். கையுறையின் எச்.எஸ்.என். எண் 40151900; ஐ.நா. குறியீட்டில் 4015 என்பது தொழிற்சாலைப் பம்புகளும் கம்ப்ரஸர்களும் இருக்கும் குடும்பம். நான் சரிபார்க்க வைத்திருந்த எச்.எஸ்.என். நெடுவரிசை, கோப்பின் ஒரு பகுதியை வரிசை மாற்றி ஒட்டியபோது ஐ.நா. நெடுவரிசையின் மேல் விழுந்திருக்கிறது. இரண்டுமே எட்டு இலக்கம். மென்பொருள் எட்டு இலக்கம் இருக்கிறதா என்று மட்டுமே சோதித்து, முதல் நான்கை வைத்துக் குடும்பத்தை எடுத்துக்கொண்டது. போல்ட்டுகளின் 73181500, ஐ.நா. கணக்கில் 7318 என்ற எந்திர வேலைச் சேவைகளின் குடும்பத்துக்குப் போயிருந்தது. கடைசல் வேலைக் கூலிக்குக் கிலோ கணக்கில் பில் வந்ததுபோல் அறிக்கை காட்டியது. 8482இல் தொடங்கும் பேரிங்குகளோ, அப்படியொரு குடும்பமே இல்லாததால், 84 என்ற பிரிவின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு நிதி மற்றும் காப்பீட்டுச் சேவைகளில் உட்கார்ந்திருந்தன. மொத்தம் 412 வரிகள்.

திருத்துவது பத்து நிமிட வேலையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நான் ஏற்றிய பிறகு இரண்டு நாட்களில் மற்றவர்கள் சில பொருட்களைக் கையால் மாற்றியிருந்தார்கள். யார் எதை மாற்றினார்கள் என்ற பதிவு எங்கும் இல்லை. வியாழன் மாலைப் பிரதியை மீட்டு, அந்த இரண்டு நாள் மாற்றங்களை ஆட்களைக் கேட்டுக் கேட்டு மறுபடி போட ஒன்றரை நாள் போயிற்று. அதற்குப் பிறகு மூன்று தடைகளை வைத்தேன். குறியீடு ஐ.நா. பட்டியலில் அப்படியே எட்டு இலக்கமும் இருந்தால்தான் ஏறும். ஒரு பொருளின் எச்.எஸ்.என். எண்ணும் ஐ.நா. எண்ணும் ஒன்றாக இருந்தால் ஏறாது. மூன்றாவது, பெரியவரின் கேள்வியிலிருந்து வந்தது: ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரே என்னென்ன அளவு அலகுகள் வருகின்றன என்று ஒரு பிவட் அட்டவணை. சேவைப் பிரிவில் கிலோவும், பம்பில் ஜோடியும், எண்ணெயில் மீட்டரும் வந்தால் சிவப்பாகும். ஏறத்தாழ இருபது நிமிடத்தில் செய்த இந்த அட்டவணை, மற்ற சோதனைகள் தவறவிட்ட 37 பிழைகளைப் பிடித்தது.

சேவைகள் வேறு கதை. ஜாப் ஒர்க் (எங்கள் பொருளை வெளியில் கொடுத்துக் கூலிக்குச் செய்து வாங்குவது), லாரி வாடகை, ஏ.சி. பராமரிப்பு இவற்றுக்கெல்லாம் பொருள் குறியீடே இருந்ததில்லை. ஆர்டரில் வாக்கியமாக எழுதிவிடுவார்கள். ஜி.எஸ்.டி.யில் சேவைகளுக்கான எண் 99இல் தொடங்கும் என்பதால் அவற்றைப் பிரித்தெடுப்பது மட்டும் எளிதாக இருந்தது: 9965 சரக்குப் போக்குவரத்து, 9987 பராமரிப்பும் பழுதுபார்ப்பும், 9988 ஜாப் ஒர்க். இவற்றுக்கு 60 நிலையான வரிகளை உருவாக்கி, ஆர்டர் போடுபவர் அவற்றிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று வைத்திருக்கிறோம். முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை.

செலவுக் கணக்கு: பெரியவருக்கு 12,000 ரூபாய், டிப்ளமோ மாணவர் இருவருக்கு ஒரு மாதத்துக்கு 18,000, அச்சு, தேநீர் எல்லாம் சேர்த்து 1,400, கருவிகளுக்கு ஒன்றுமில்லை. கையிலிருந்து போனது 31,400 ரூபாய். என் ஐந்து மாத நேரத்தில் பாதியையும் சேர்த்தால் வெளியாரின் நான்கு லட்சத்தை எவ்வளவு மிச்சப்படுத்தினேன் என்பது விவாதத்துக்குரியது. ஆனால் 480 இணைகளும் 14 வழிமுறைகளும் எங்கள் கையில் இருக்கின்றன. புதிய பொருள் ஒன்றைச் சேர்க்க இப்போது இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை.

மறுபடி செய்ய நேர்ந்தால், ஐ.நா. குறியீட்டுக்குப் பக்கத்திலேயே அதன் பதிப்பு எண்ணையும் முதல் நாளிலிருந்து சேமிப்பேன். பட்டியல் புதுப்பிக்கப்படும்போது சில குறியீடுகள் சேரும், சில இடம் மாறும், சில நீங்கும். சப்ளையர் ஒருவர் பழைய பதிப்பில் பட்டியல் அனுப்பியபோது, ஏன் பொருந்தவில்லை என்று ஒரு நாள் முழுதும் என் கோப்பையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு எண்களுக்கும் முன்னால் ஓர் எழுத்தையும் சேர்ப்பேன், எச்.எஸ்.என்.னுக்கு ஒன்று, ஐ.நா.வுக்கு ஒன்று, வேலைக் கோப்பில் இருக்கும்வரை இருந்து, ஏற்றும்போது நீங்கினால் போதும். பெரியவரைக் கடைசியில் அழைக்காமல் முதல் வாரத்திலேயே அழைப்பேன்.

மிஞ்சிய 41 பொருட்களில் பெரும்பாலானவை பவுண்டரியின் பழைய பதிவுகள். ஒன்றின் விவரிப்பு ‘போன தடவை வாங்கினது போல, 2 எண்ணம்’ என்று மட்டும் இருக்கிறது. ஆர்டர் பிரதி கிடைக்கவில்லை. திங்கட்கிழமை பெரியவர் பவுண்டரி ஸ்டோருக்கு வந்து ரேக்கைப் பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.